வடபாத்தியில் ஊற்றியது

பதிவு எண் 1
19 ஜனவரி 2023, வியாழக்கிழமை (சுபகிருது ஆண்டு, தை 5). காலை 6.10.

சென்ற ஞாயிறன்று அல்ல, அதற்கு முந்தைய ஞாயிறன்று, அதாவது எட்டாம் தேதி கூடிய குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில், பேட்டரிப் பட்டறை நிலத்தின் சோதனைப் பாத்திகளைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள் என்று கொள்கிறேன். வேறு எவரும் கை தூக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிடத் தேவையில்லை.

எங்கள் குடியிருப்பின் பின்மதிலுக்கு அப்பால், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை ஒன்று இயங்கிவந்தது. அது மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஈயம் மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை. அதைச் செடிகளைக் கொண்டே வெளியேற்ற முடியுமா என்று பல்கலைக்கழகத்தார் ஆராய்கிறார்கள். ஆய்வு மாணவி ஜெனிஷா இன்று காலை இரண்டு பாத்திகளிலும் சூரியகாந்தி விதைகளை ஊன்றினார். வடபாத்தியில் மட்டும் 'வேம்' என்னும் வேர்ப்பூஞ்சைக் கலவை இடப்பட்டது. தென்பாத்தி ஒப்பீட்டுக்காக வெறுமனே விடப்பட்டுள்ளது.

"இந்தப் பூஞ்சை வேருக்குள்ள குடியிருக்கும் சார். மண்ணுக்குள்ள நூல் நூலா போய், வேர் எட்டாத இடத்துல இருந்தும் சத்தை இழுத்துட்டு வந்து செடிக்குக் குடுக்கும். பதிலுக்குச் செடி சக்கரை குடுக்கும். ஈயத்தையும் சேர்த்து இழுத்துக் குடுக்குதான்னு பாக்கத்தான் இவ்வளவும்" என்று விளக்கினார். தெளிவாகப் பேசும் பெண்.

கலவையைத் தயாரித்தது பக்கத்துத் தெரு மகளிர் குழு. அதன் தலைவி தேசம்மாள் அதே பட்டறையில் வெறுங்கையால் பேட்டரி உடைத்தவள். அவளுடைய இளைய மகளின் இரத்தத்தில் ஈயம் இருப்பதாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். சோளச் செடியின் வேரில் பூஞ்சையை வளர்த்து, வேரோடு நறுக்கி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். என் எதிரில்தான் அவிழ்த்துக் கொட்டினார்கள். சோதனை வெற்றி பெற்றால், முழு நிலத்திற்கும் தேவையான கலவையை இந்தக் குழுவே செய்து தர அரசு ஆணை வழங்கும் என்று ஜெனிஷா சொன்னார்.

"ஐயா, புள்ளைய பாத்துக்கற மாதிரி பாத்துக்கோங்க" என்றாள் தேசம்மாள்.

"என் பொறுப்பில் விட்டது எதுவும் இதுவரை கெட்டதில்லை" என்றேன்.

பாத்தியின் முகப்பில் பலகை நட்டிருக்கிறார்கள். 'பராமரிப்பு: திரு சி. மாசிலாமணி, சார்பதிவாளர் (ஓய்வு)'. எழுத்துகள் சற்றுச் சாய்வாக உள்ளன. சரிசெய்யச் சொல்ல வேண்டும்.


பதிவு எண் 2
3 பிப்ரவரி 2023, வெள்ளிக்கிழமை. மாலை 5.30.

ஜெனிஷா வந்திருந்தார். நாள்தோறும் பாத்திகளுக்குச் செய்வதைக் குறிக்க விதைத்த அன்றே ஒரு பதிவேடு கொடுத்திருந்தார். அதில் நான் சிவப்பு மையால் கட்டம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தார்.

விடைபெறும்போது, "தண்ணி மட்டும் போதும் சார். உரம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். உரத்துல இருக்கற மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், சும்மா கெடச்சுட்டா செடி பூஞ்சையை உள்ளயே சேர்க்காது. எதுக்குச் சேர்க்கணும்? வீட்டு வாசல்ல சாப்பாடு வந்து இறங்குதுன்னா சமையல்காரி வேண்டாம்ல" என்றார்.

உவமை நன்று. மனைவி கோமதியிடம் சொன்னேன். "அதுக்கும் சமையல்காரிதான் ஞாபகம் வந்தாளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.


பதிவு எண் 3
11 பிப்ரவரி 2023, சனிக்கிழமை. காலை 7.15.

மனம் சரியில்லை. வடபாத்திச் செடிகள் தென்பாத்திச் செடிகளை விடக் குட்டையாகவும் வெளிறியும் நிற்கின்றன. பலகையில் இருப்பது என் பெயர்.

காலை நடைக்கு வரும் ஆதிகேசவலு, கையில் வழக்கமான பூப்பையுடன், மதிலின் மீது கை ஊன்றி நின்றுகொண்டு, "என்னா மாசிலாமணி, பூஞ்சக்காளான் போட்ட செடி கணுக்கால்லயே நிக்குது, ஒண்ணுமே போடாதது முழங்காலுக்கு வருது? பேசாம அந்தப் பலகையத் தூக்கி இந்தப் பக்கம் நட்டுருங்க" என்றார். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

ஜெனிஷாவுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். "ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும். பூஞ்சை குடியேறுற வரைக்கும் செடிகிட்ட சக்கரையை வாங்கிக்கும். ஒரு மாசம் பொறுங்க" என்றார்.

பொறுக்கலாம். ஆனால் மார்ச் ஆறாம் தேதி மாவட்ட அதிகாரி பார்வையிட வருகிறார். அதற்கு ஒரு மாதம் இல்லை.


பதிவு எண் 4
13 பிப்ரவரி 2023, திங்கட்கிழமை. காலை 5.25.

இரு பாத்திகளுக்கும் தண்ணீர். வடபாத்திக்குச் சற்றுக் கூடுதல் கவனிப்பு.


பதிவு எண் 5
20 பிப்ரவரி 2023, திங்கட்கிழமை. காலை 8.00.

வடபாத்தியில் புதிய இலைகள் கரும்பச்சையாக வந்திருக்கின்றன. பொறுமைக்குப் பலன் உண்டு.

கோமதி மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து, "ரோஜாவுக்கு வாங்கி வெச்ச டி.ஏ.பி. உரம் எங்கங்க? பை பாதி கூட இல்லையே" என்று கேட்டாள். காற்றில் ஈரம் பட்டுக் கரைந்திருக்கலாம் என்றேன்.

"பிப்ரவரியிலயா?"

"மூடி சரியாக இருந்ததா என்று பார்த்தாயா?"

"தண்ணி ஊத்தப் போறவரு வாளியில ராத்திரியே எதையோ ஊறவெச்சு எடுத்துட்டுப் போறதையும் பாத்தேன்" என்றாள்.

நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் இன்றைய கட்டத்தில் 'தண்ணீர்' என்று குறித்தேன். ஊற்றியதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.


பதிவு எண் 6
6 மார்ச் 2023, திங்கட்கிழமை. பிற்பகல் 2.20.

அதிகாரி பத்தே முக்காலுக்கு வந்தார். பத்து மணி என்று அறிவித்திருந்தார்கள்.

வடபாத்திச் செடிகள் என் தோள் உயரத்திற்கு மொட்டு விட்டு நின்றன. அவற்றின் அருகில் தென்பாத்தி வெறும் நாற்று போலத் தெரிந்தது. அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்தக் கலவைய செஞ்சது யாரு?" என்று கேட்டார். தேசம்மாள் புதுப்புடவையில் நின்றிருந்தாள். அவளை முன்னே தள்ளினார்கள். அவள் கும்பிட்டபடியே நின்றாள், கையை இறக்கவே இல்லை.

"ஆய்வு முடிவும் இதே மாதிரி வந்தா மொத்த நிலத்துக்கும் நீங்கதாம்மா" என்றார் அதிகாரி.

ஜெனிஷா மட்டும் செடிகளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "இவ்வளவு சீக்கிரம் எழும்பும்னு நான் நினைக்கல சார்" என்றார். பராமரிப்பு என்றேன்.

எல்லாரும் போன பின்பு தேசம்மாள் என்னிடம் வந்து, "உங்க கைராசி ஐயா. எங்க ஆளுங்க எல்லாம் நேத்து தூங்கவே இல்ல" என்றாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த அதிரசம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். கோமதிக்குக் கொடுத்தேன். அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இனிப்பு ஆகாது.


பதிவு எண் 7
30 மார்ச் 2023, வியாழக்கிழமை. காலை 6.45.

ஆதிகேசவலு வேலிக்குள் கையை விட்டுச் சூரியகாந்திப் பூவைப் பறித்துக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன். சுவாமி படத்திற்காம். இது ஈயத்தை உறிஞ்சும் செடி, இதன் ஓர் இலை கூட வெளியே போகக் கூடாது என்று எழுதியே தொங்கவிட்டிருக்கிறோம். படித்த மனிதர், தபால் துறையில் இருந்தவர், ஒரு விதி இருந்தால் மதிக்க வேண்டாமா என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

"ஒரு பூவுக்கு இவ்ளோ கத்தலா?" என்றார்.

சோதனையின் நேர்மை என்று ஒன்று உண்டு என்றேன். இதை எழுதும்போது என் காது சூடாகிறது. காலை வெயில்.


பதிவு எண் 8
12 ஏப்ரல் 2023, புதன்கிழமை. பகல் 12.05.

அறுவடை. கையுறையும் முகக்கவசமும் அணிந்து செடிகளை வேரோடு எடுத்து, பாத்தி வாரியாக மூட்டை கட்டி முத்திரையிட்டார்கள். மாதிரிகள் ஆய்வகத்திற்கு. எஞ்சியவை, ஈயம் வெளியேறாதபடி எரிக்கும் உலைக்கு. பதிவேட்டைக் கையொப்பமிட்டு ஒப்படைத்தேன். மொத்தப் பக்கங்களிலும் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.


பதிவு எண் 9
15 மே 2023, திங்கட்கிழமை. மாலை 6.50.

ஜெனிஷா வீட்டிற்கு வந்தார். கோமதி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

வடபாத்திச் செடிகளில் ஏறியிருக்கும் ஈயம், தென்பாத்திச் செடிகளில் ஏறியதை விடக் குறைவு. வேர்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். பூஞ்சையின் தடமே இல்லையாம்.

"மண்ணுல மணிச்சத்து எக்கச்சக்கமா இருக்கு சார். வடபாத்தியில மட்டும். அதுதான் பூஞ்சையை உள்ள விடல. ஈயத்தையும் மண்ணுலயே பூட்டிடுச்சு. செடி மட்டும் கொழுகொழுன்னு வளர்ந்திருக்கு."

"எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டேன். என் குரல் இயல்பாகவே இருந்தது.

"எங்க பேராசிரியர் ஒண்ணுதான் சொல்றாரு. குழுவுல கலவைக்குள்ள உரத்தைக் கலந்து குடுத்திருக்காங்க. பூஞ்சை சரியா வளரல போல. செடி பெருசா தெரிஞ்சா போதும், யாரும் கேக்கமாட்டாங்கன்னு நினைச்சிருக்காங்க. எனக்கு நம்ப முடியல சார். நான்தான் அவங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்க வேற எதுவும் போடலையே சார்?"

கோமதி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"தண்ணீர் மட்டும்" என்றேன். "பதிவேட்டில் இருக்கிறதே, அம்மா."

"அது எனக்குத் தெரியும் சார். கேக்கணும்னு கேட்டேன். தப்பா நினைக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். இவ்விரண்டும் இதே வரிசையில் நடந்தன.


பதிவு எண் 10
16 மே 2023, செவ்வாய்க்கிழமை.

கடும் வெயில். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.


பதிவு எண் 11
20 மே 2023, சனிக்கிழமை. இரவு 8.15.

சங்கக் கட்டடத்தில் மாலை நான்கு மணிக்கு விசாரணை. பேராசிரியர், ஜெனிஷா, அரசுத் துறையிலிருந்து ஒருவர், சங்கத்தின் சார்பில் நான். குழுவிலிருந்து ஏழு பெண்கள் வந்து நாற்காலிகள் இருந்தும் உட்காராமல் நின்றார்கள்.

பேராசிரியர் ஆய்வு முடிவைப் படித்தார். குழுவின் பெயரை அரசுப் பட்டியலிலிருந்து நீக்கவும், இனி எந்தத் துறையும் இவர்களிடம் எதையும் வாங்காதிருக்கவும் பரிந்துரைக்கப் போவதாகச் சொன்னார்.

"உரமா? நாங்களா?" என்றாள் தேசம்மாள். "யோவ், எங்க கொட்டாய்ல வந்து பாருய்யா! உரம் போட்டா பூஞ்ச சாவும்னு எங்களுக்கே பாடம் எடுத்தது இந்தப் பொண்ணு. நாங்களே எங்க புள்ளைக்கு வெசம் வைப்பமா?"

"மரியாதையா பேசுங்க" என்றார் துறைக்காரர்.

"மரியாதையாத்தான் பேசிக்கினு இருந்தோம், நீங்க எங்கள திருடிங்கன்னு சொல்ற வரைக்கும்." பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை எழுதாமல் விட முடியவில்லை. "ஐயா, நீங்க சொல்லுங்க. உங்க கண்ணு முன்னால தான சாக்க அவுத்தோம்? வேரும் மண்ணும்தான இருந்துச்சு? ரெஜிஸ்தர் ஆபீசுல இருந்தவரு, நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்லுங்கய்யா."

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு எளிதாக இருந்திருக்கும். கலவையில் உரக் குருணை எதுவும் இல்லை, நான் கண்ணால் பார்த்தேன் என்ற ஒரு வாக்கியம் போதும். என்னைப் பற்றிச் சொல்லாமலேயே அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பின் உரம் எங்கிருந்து வந்தது என்பதாக இருக்கும்.

நான் சொன்னது இது. சொற்களை மாற்றாமல் எழுதுகிறேன்:

"சாக்கை அவிழ்த்ததைப் பார்த்தேன். உள்ளே என்ன கலந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

தேசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பின்னால் நின்ற ஒரு பெண், "வா அக்கா, போலாம்" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அறிக்கை வரும் திங்களுக்கு அடுத்த திங்கள், இருபத்தொன்பதாம் தேதி, கையொப்பமாகிறது.


பதிவு எண் 12
21 மே 2023, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.40.

காப்பி வைத்துவிட்டுக் கோமதி சொன்னாள்: "கடைக்குப் போனா ரோஜாவுக்கு உரம் வாங்கிட்டு வாங்க. இந்தத் தடவ ரெண்டு பையா வாங்குங்க. மிச்சம் இருந்தா அந்தப் பொம்பளைங்க தலையில கொட்டலாம்."

திருமணமாகி நாற்பத்தாறு ஆண்டுகளில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பேசும்படி நான் நடந்துகொண்டதில்லை என்று எழுத வந்தேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.


பதிவு எண் 13
24 மே 2023, புதன்கிழமை. பிற்பகல் 3.30.

காலை பத்தரை மணியளவில் மகளிர் குழுவின் கொட்டகைக்குப் போனேன். இதற்குமுன் அங்கே போனதில்லை. தார்ப்பாய் விரித்த தொட்டிகளில் சோளம் பச்சையாக நின்றது. ஆணை கிடைக்கும் என்று நம்பி அடுத்த தவணையை முன்கூட்டியே விதைத்திருக்கிறார்கள். இனி அதை வாங்குவார் இல்லை. தேசம்மாள் அதற்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓரத்தில் அவருடைய இளைய மகள், பன்னிரண்டு வயது இருக்கும், நோட்டில் ஒரே எழுத்தை வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஐயா?" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நான் தயாரித்து வைத்திருந்த முன்னுரை ஒன்று இருந்தது. அது வரவில்லை. "வடபாத்தியில் உரம் ஊற்றியது நான்" என்றேன்.

அவர் குடத்தைக் கீழே வைக்காமல் நின்றார். "நீங்களா?"

"செடி வெளிறி இருந்தது. அதிகாரி வருவதாக இருந்தது. பலகையில் என் பெயர். வீட்டில் ரோஜாவுக்கு வாங்கிய உரம். ஊறவைத்து, வாரம் ஒருமுறை."

"ஒரு தபா மட்டும் இல்லியா?"

"இல்லை. அறுவடை வரைக்கும்."

அவர் சிரித்தார். சிரிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் பார்த்துக் கத்தினார்: "ஏ கன்னிகா! ஏ பூங்காவனம்! எல்லாரும் இங்க வாங்கடி. ரெஜிஸ்தர் ஐயா சேதி சொல்ல வந்துகிறாரு."

ஆறு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"இப்ப சொல்லுங்க" என்றார். "முதல்லேர்ந்து."

சொன்னேன். பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். கொடுக்க யாரும் முன்வரவில்லை. முடித்ததும் பூங்காவனம் என்னும் பெண், "அன்னிக்கு அந்த ரூம்ல வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எங்க வீட்ல நாலு நாளா ஒலை வைக்கல தெரியுமா" என்றாள் இன்னொருத்தி. "திருடி பொண்ணுன்னு எம் மவள ட்யூஷன்ல கூப்டுறாங்க."

பல்கலைக்கழகத்திற்கும் துறைக்கும் எல்லாவற்றையும் எழுதித் தரப்போகிறேன், இருபத்தொன்பதாம் தேதிக்கு முன் போய்ச் சேரும் என்றேன். தேசம்மாள் தலையசைத்தார். அத்துடன் நான் கிளம்பி வந்திருக்கலாம். பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்: குழுவின் சார்பில் என்னை மன்னித்ததாக இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் கடிதத்துடன் இணைக்க வசதியாக இருக்கும்.

ஒரு கொக்கு தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்தது. தேசம்மாள் அதை விரட்டினார்.

"மன்னிப்பு வேற எழுதிக் குடுக்கணுமா ஐயா?" என்றார் மெதுவாக. "எழுதறதெல்லாம் நீங்க எழுதுங்க. எங்களுக்கு வேல இருக்குது." குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.


பதிவு எண் 14
26 மே 2023, வெள்ளிக்கிழமை (சோபகிருது, வைகாசி 12). காலை 11.00.

பல்கலைக்கழகத்திற்கும் துறைக்கும் இன்று விரைவஞ்சலில் அனுப்பும் கடிதத்தின் படி:

ஐயா / அம்மையீர்,

பேட்டரிப் பட்டறை நிலத்தின் வடபாத்தியில் கண்டறியப்பட்ட மணிச்சத்து, செவ்வந்தி மகளிர் குழு அளித்த வேர்ப்பூஞ்சைக் கலவையிலிருந்து வந்ததன்று. பாத்திகளின் கண்காணிப்பாளனாகிய நான், செல்வி ஜெனிஷா உரமிடக் கூடாது என்று தெளிவாக அறிவுறுத்தியிருந்தும், 13 பிப்ரவரி 2023 முதல் அறுவடைக்கு முந்தைய வாரம் வரை டி.ஏ.பி. உரத்தை நீரில் ஊறவைத்து, திங்கள்தோறும் வடபாத்திக்கு மட்டும் ஊற்றினேன். அவ்வளவையும் பதிவேட்டில் 'தண்ணீர்' என்றே குறித்தேன். நேரில் கேட்கப்பட்டபோது மறுத்தேன். 20 மே அன்று நடந்த விசாரணையில், திருமதி தேசம்மாள் அவர்கள் உண்மைக்கு என்னைச் சாட்சியாக அழைத்தபோது, அறிந்தே அவருக்கு எதிராகப் பேசினேன். கலவையை என் கண் முன்னால் அவிழ்த்தார்கள். அதில் வேரும் மண்ணும் தவிர வேறொன்றும் இல்லை. இதை அன்றே சொல்லக் கூடியவனாக இருந்தேன்.

சோதனையைச் செல்வி ஜெனிஷாவின் மேற்பார்வையில், அதே குழுவின் கலவையைக் கொண்டு, வேறொரு கண்காணிப்பாளரை நியமித்து மீண்டும் நடத்துமாறு வேண்டுகிறேன். குழுவின் கொட்டகையில் அடுத்த தவணைக் கலவை தயாராகி வருகிறது. அது வீணாகாமல் வாங்கிக்கொள்ளப்பட வேண்டும். இக்கடிதத்தைச் சங்க அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியுள்ளேன். பாத்தியின் முகப்பிலுள்ள பெயர்ப்பலகையை இன்று காலை நானே பிடுங்கி எடுத்துவிட்டேன். அனுமதி பெறவில்லை.

இப்படிக்கு,
சி. மாசிலாமணி

இணைப்புகள்:

1. என் நாட்குறிப்பின் பக்கங்கள், பதிவு எண் 1 முதல் 13 வரை, ஒளிநகல். சில இடங்களில் நான் எழுதாமல் விட்டிருப்பதை மார்ஜினில் பென்சிலால் சேர்த்துள்ளேன்.

2. பாத்திப் பதிவேட்டில் திருத்த வேண்டிய தேதிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் என் கையொப்பத்துடன்.

3. என் மனைவி திருமதி கோமதி அளித்த சாட்சி வாக்குமூலம், ஒரு பக்கம். இதில் நான் எதையும் திருத்தவில்லை. கடைசி வாக்கியத்தை நீக்கும்படி கேட்டேன், அவர் இணங்கவில்லை.

4. செவ்வந்தி மகளிர் குழுவினர் என்னை மன்னித்ததற்கான கடிதம்: இணைக்கப்படவில்லை. கேட்டேன். தரவில்லை.